தேதி கேட்ட கேமரா

ஃப்ளாஷ்காரர் தன் தங்கைக்கு ஒரு லட்சம் கடன்பட்டிருந்தார். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, கெடு கிடையாது. வேறு யாருக்கும் அவர் சல்லிக்காசு பாக்கி வைத்ததில்லை. நாலு பேர் கூடும் இடத்தில் அதை அவரே மார்தட்டிச் சொல்லிக்கொள்வார். தங்கை கடனைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட ஆள் அவர். ஒரு ஸ்டுடியோவில் இருட்டறைத் தொட்டி கழுவப் போய், பார்த்துப் பார்த்தே தொழிலைக் கைக்குள் போட்டுக்கொண்டு, முப்பது வயதுக்குள் பேருந்து நிலையத்துக்கு எதிரே சொந்தக் கடை திறந்தார். ஒருத்தன் கைதூக்கி விடவில்லை. கடை மேசையை அவரே அடித்தார், சுவருக்கு அவரே சுண்ணாம்பு பூசினார். பின்னால் தொங்கும் நீலத் திரையைத் தங்கை தைத்துக் கொடுத்தாள். அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் எடுத்த படத்தில் யாரும் கண்ணை மூடியிருக்க மாட்டார்கள். "முழிச்சுப் பாரு!" என்று அவர் போடும் அதட்டலில் கைக்குழந்தைகூட விழித்துக்கொள்ளும். அதனால் வந்த பேர்தான் ஃப்ளாஷ்காரர். பெற்றவர்கள் வைத்த பேரைக் கடைக்கு வாடகை வாங்குகிறவரே மறந்துவிட்டார்.

பிறகு ஃபிலிம் செத்தது. டிஜிட்டல் கேமராவும் கம்ப்யூட்டரும் இல்லாதவனுக்குக் கல்யாண வேலை கிடைக்காது என்று ஆகிவிட்டது. வங்கியில் படியேறி நின்றார். படிப்பு என்ன என்று கேட்டார்கள், இறங்கி வந்துவிட்டார். அன்றைக்குச் சாயந்திரம் தங்கை வந்து மேசைமேல் ஒரு துணிப்பையை வைத்தாள். ஆலையில் சட்டைக் காலர் தைத்துத் தைத்துச் சேர்த்த பணம். புருஷன் பாதியில் விட்டுப் போய், மகளை ஒற்றையாளாக வளர்த்துக்கொண்டிருந்தவள்.

"நான் கேக்கலையே" என்றார்.

"நீ கேக்கமாட்டன்னுதான் கொண்டாந்தேன். எண்ணிப் பாத்துக்கோ, அப்புறம் குறையுதுன்னு என் தலையில கட்டாத."

அது 2009ஆம் வருஷம். அதே வருஷம் கேமரா வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, தொழில் மறுபடி நிமிர்ந்தது. நாலைந்து வருஷத்தில் பணத்தைச் சேர்த்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அவள் இரண்டு கைகளையும் இறுக்கி மூடிக்கொண்டாள், சின்னப் பிள்ளை மிட்டாயை ஒளிப்பது போல.

"மூடுன கையில எப்படி வைப்ப? போ அண்ணா. என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகும்ல, அன்னிக்கு வந்து படம் எடு. ஆல்பம் போட்டு என் மடியில வை. அத்தோட கடன் தீந்துச்சு."

"ஒரு ஆல்பமா? ராஜா வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இப்படி எடுத்திருக்கமாட்டாங்கன்னு ஊரு பேசும் பாரு."

அன்றிலிருந்து அந்தக் கடன் பணமாக இல்லை. ஒரு நாளைப் படமெடுத்துத் தருவதாக ஆகிப்போனது.

தங்கை பெற்ற மருமகள் வளர்ந்தாள், வேலைக்குப் போனாள், மாப்பிள்ளையும் அமைந்தான். கல்யாணப் பேச்சின்போது அவள் சொன்னாள், "மாமா, வீடியோவுக்கு ஒருத்தரை வச்சுக்கலாமா? உங்களுக்கும் கொஞ்சம் சிரமம் குறையும்."

"வேற ஒருத்தன் கேமராவோட உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள், மண்டபத்துப் படிகளைக் கழுவி விட்டிருந்தார்கள். பூக்கூடையோடு ஏறிய தங்கை சறுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாள் காலை அறுவை சிகிச்சை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு விடுப்பு இல்லை, மண்டபத்துக்குக் கட்டிய பணமும் திரும்பாது. நிறுத்திவிடலாம் என்று மருமகள் அழுதாள். கட்டிலில் கிடந்தவள்தான் அதட்டினாள்.

"நிறுத்துனா எந்திரிச்சு வந்து அறைவேன். உங்க மாமா இருக்காரு. அவரு கண்ணால நான் பாத்துக்கறேன்."

பிறகு அண்ணன் கையைப் பிடித்து, "ஒண்ணு விடாம எடுத்துடு அண்ணா" என்றாள்.

மறுநாள் ஒலிபெருக்கியில் ஃப்ளாஷ்காரரே பேசினார். யாரும் செல்போனைத் தூக்கக் கூடாது, குறுக்கே நிற்கக் கூடாது, எல்லாரும் கண்ணால் பார்த்தால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். கூட்டம் சிரித்தபடி போனைப் பைக்குள் போட்டது. அவர் சொன்னால் சொன்னதுதான்.

கல்யாண அலைச்சலில் கேமரா பல வாரம் பேட்டரி இல்லாமல் அலமாரியில் கிடந்திருந்தது. அப்படிக் கிடந்தால் அதன் உள்ளே இருக்கும் கடிகாரம் நின்றுவிடும். பேட்டரியைச் செருகியதும் திரை மினுக்கி மினுக்கித் தேதி கேட்டது. அதுவாகவே காட்டிய வருஷம் 2009, அந்தக் கேமரா பிறந்த வருஷம். அதே நேரம் மணப்பெண் வாசலில் இறங்கிக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைச் சரிசெய்ய நேரமா அது? ஓகே பொத்தானை அழுத்தினார். கம்ப்யூட்டர் சங்கதியில் அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். எது கேட்டாலும் ஓகே. இத்தனை வருஷமாக அது அவரைக் கைவிட்டதும் இல்லை.

எடுத்தார், எடுத்தார், அப்படி எடுத்தார். நாற்காலிமேல் ஏறினார், தரையில் படுத்தார். அறுபத்திரண்டு வயது முட்டியை வைத்துக்கொண்டு எவன் படுப்பான்? ஆயிரத்துக்கு மேல் படங்கள். ஒன்றில்கூடக் கண் மூடவில்லை.

அடுத்த நாள், தங்கை உள்ளே மருந்து மயக்கத்தில் கிடக்க, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மருமகள் அந்தக் கேமராவை வாங்கிப் பார்த்தாள். அவளும் மாப்பிள்ளையும் அந்த வாரமே வெளிநாட்டுக்குக் கிளம்புகிறார்கள். அங்கேதான் அவனுக்கு வேலை.

"மாமா, உங்க கேமரா பதினாலு வருஷம் பின்னாடி நிக்குது."

"நானும் அங்கதான் நிக்கிறேன். எங்களுக்குள்ள ஒத்துப்போகுது, நீ விடு."

அவள் சிரித்துக்கொண்டே கேமராவின் தேதியைச் சரிசெய்தாள். "இனிமே எடுக்கறதுக்குச் சரி. நேத்து எடுத்ததுல பழைய தேதிதான் இருக்கும். கம்ப்யூட்டர்ல ஏத்துனதும் மொத்தத்தையும் செலக்ட் பண்ணி, எடுத்த தேதியை மாத்துன்னு ஒரு இடம் இருக்கும், ஒரே தடவையில மாத்திடலாம். இல்லைன்னா அந்த சாஃப்ட்வேர் எல்லாத்தையும் 2009 ஃபோல்டர்ல கொண்டுபோய்ப் போட்டுடும். அப்புறம் இன்னொரு டிஸ்க்குல ஒரு காப்பி எடுத்து வீட்டுல வைங்க. கடையிலயே ரெண்டையும் வைக்காதீங்க."

"ஏன், கடைக்கு என்ன? ரெண்டு பூட்டு போடறேன்."

"பூட்டு திருடனுக்கு மாமா. டிஸ்க் தானா செத்தா?"

"உம்" என்றார். அவர் "உம்" என்றால் காது மூடிவிட்டது என்று அர்த்தம். இடுப்பில் அவர் தூக்கிச் சுமந்த பெண், அவருக்குப் போட்டோ வேலை சொல்லித் தருகிறாள்!

கடைக்கு வந்து படங்களை ஏற்றினார். அந்த மென்பொருள் படங்களைத் தேதிப்படி வருஷ வாரியாகப் பிரித்து வைப்பது. இவருக்கு அது எங்கே வைக்கிறது என்று பார்க்கும் பழக்கமே இல்லை. திறந்ததும் "கடைசியாகச் சேர்த்தவை" என்று முன்னால் வந்து நிற்கும், அவ்வளவு போதும். அதிலிருந்து எல்லாவற்றையும் இழுத்து ஓர் ஆல்பத்தில் போட்டார். ஆல்பத்துக்கு "தங்கச்சி மகள்" என்று பேர் வைத்தார். ஆல்பத்தில் போட்டாயிற்று, இனிப் படங்கள் அதற்குள் பத்திரம் என்று நினைத்தார். ஆல்பம் என்பது வெறும் பெயர்ப்பலகை. படம் குடியிருப்பது ஃபோல்டரில். அது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்களைக் கேட்பதும் அவர் வழக்கத்தில் இல்லை. மெமரி கார்டை அழித்து அடுத்த வேலைக்குப் போட்டுக்கொண்டார்.

பிறகு ஐந்து மாதம் அந்த வேலையிலேயே உட்கார்ந்தார். சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முதல் சுற்றில் நட்சத்திரம் போட்டுப் பொறுக்கினார். ஒரே காட்சி ஏழெட்டு இருந்தால் ஒன்றே ஒன்று நிற்கும். ஒரு படத்தில் மஞ்சள் விளக்கின் சாயலைக் கழித்து முகத்தை முகமாக ஆக்கிவிட்டு, அதே வெளிச்சத்தில் எடுத்த மற்ற எல்லாவற்றுக்கும் அதே அளவை ஒரே சொடுக்கில் ஒட்டும் வித்தையை அவரே தட்டித் தடவிக் கண்டுபிடித்திருந்தார். மருமகளின் கழுத்துப் பக்கம் விழுந்த நிழலைத் தூக்க மட்டும் இரண்டு நாள்.

தங்கை வீட்டில் கட்டிலும் பிடித்து நடக்கும் நடைச்சட்டமுமாகக் கிடந்தாள். தினம் போன் அடிப்பாள்.

"ஒரே ஒரு படம் அனுப்பு அண்ணா. போன்ல பாத்துக்கறேன்."

"முகம் கழுவாத பொண்ணைச் சபையில நிறுத்துவாங்களா? பொறு. ஆல்பமா வந்து உன் மடியில உக்காரும்."

"நான் அவ மொகத்தைப் பாக்கணும்னு சொல்றேன், கழுவுனா என்ன, கழுவலைன்னா என்ன?"

"தொழில் தெரியாதவ மாதிரி பேசாத."

அவர் மனைவி சோற்றுத் தட்டை வைத்தபடியே சொன்னாள், "ஒரு படத்தைக் குடுத்தா உங்க கிரீடம் கழண்டு விழுந்துருமா? அவ பாவம், பெத்தவ."

"பெத்தது அவ, எடுத்தது நான்" என்றார் ஃப்ளாஷ்காரர். கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனியின் ஆண்டு விழா வேலை வந்தது. ஏற்றப் போனால் டிஸ்க்கில் இடமில்லை என்று சிவப்புக் கோடு காட்டியது. எதையாவது அழிக்க வேண்டும். வருஷ ஃபோல்டர்களை வரிசையாகப் பார்த்தார். முதலில் நின்றது 2009. அது அவர் கத்துக்குட்டியாக இருந்த வருஷம். தலை வெட்டுப்பட்ட படங்கள், வெளுத்துப்போன முகங்கள், ஆடிப்போன கைகள். யாராவது பார்த்துவிட்டால் இவனா ஃப்ளாஷ்காரன் என்று கேட்பார்கள். அதெல்லாம் தேவையா? வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்து வருஷங்கள் ஆகிவிட்டன.

ஃபோல்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அழி என்றார். இது குப்பைத் தொட்டிக்குள் கொள்ளாது, ஒரேயடியாக அழிக்கட்டுமா என்று கேட்டது.

ஓகே.

ஆண்டு விழாவை ஏற்றினார். அதற்குப் பின் இன்னொரு பள்ளி விழா. டிஸ்க் மறுபடி நிறைந்தது. இடையிடையே ஆல்பத்தை எட்டிப் பார்த்தார். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள், எல்லாம் இருந்தன. பதினைந்து நாள் கழித்துக் கடைசி வேலையை முடிக்கலாம் என்று உட்கார்ந்து, மருமகள் தலைகுனிந்து சிரிக்கும் படத்தைச் சொடுக்கினார். படம் பெரிதானது, ஆனால் தெளியவில்லை. மூடுபனிக்குள் நிற்பது போல ஒரு முகம். மூலையில் ஒரு கேள்விக்குறி. கீழே ஒரு வரி, மூலக் கோப்பு கிடைக்கவில்லை.

அடுத்ததைச் சொடுக்கினார். அதற்கடுத்தது. மாப்பிள்ளை. மணமேடை. வாசல். எல்லாவற்றிலும் மூடுபனி.

மூலப் படத்தை அந்த மென்பொருள் தொடுவதே இல்லை. செய்த திருத்தங்களைத் தனியே குறித்து வைத்துக்கொண்டு, படத்தின்மேல் போட்டுக் காட்டும். அந்தக் குறிப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. முகத்தில் எவ்வளவு வெளிச்சம் கூட்டினார் என்ற அளவு இருந்தது. வெளிச்சம் பட்ட முகம் இல்லை. கழுத்து நிழலைத் தூக்கிய இரண்டு நாள் உழைப்பு இருந்தது. கழுத்து இல்லை.

பஜாருக்குப் பின்னால் அழிந்த கோப்புகளை மீட்டுத் தருகிற கடை ஒன்று இருந்தது. டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். கடைக்காரர் ஒரு வாரம் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"ஐயா, அழிச்ச நிமிஷமே கம்ப்யூட்டரை நிறுத்தியிருந்தா அள்ளிக் குடுத்திருப்பேன். அதுக்குமேல ரெண்டு பெரிய வேலையை ஏத்திட்டீங்களே."

"எவ்வளவு ஆனாலும் தர்றேன். கடையை வித்தாவது தர்றேன்."

"பணத்துல இல்லைங்க விஷயம். சிலேட்டுல எழுதுன இடத்துமேலயே திரும்ப எழுதியாச்சு. கார்டு இருக்கா?"

"அதுல ஏழெட்டு வேலை எடுத்தாச்சு."

"வேற காப்பி?"

ஃப்ளாஷ்காரர் டிஸ்க் சுற்றி வந்த துண்டை மடித்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தான் சொன்ன "உம்" அவருக்கே காதில் கேட்டது.

"ஒரேயடியா வெறுங்கையா அனுப்பலைங்க, ஒரு அம்பது படம் வந்திருக்கு" என்று கடைக்காரர் திரையைத் திருப்பினார். தலை வெட்டுப்பட்ட ஒரு கிழவர். வெளுத்துப்போன ஒரு குழந்தை. ஆடிப்போன ஒரு மாப்பிள்ளை, இவன் எவனோ. அவர் வெட்கப்பட்டு அழித்த படங்கள்தாம், பாதிப் படங்களுக்குக் கீழ்ப்பாகம் சாம்பல் பூசினது போல, திரும்பி வந்திருந்தன.

சொந்தக்காரர் வீடு வீடாக ஏறி இறங்கினார். யாராவது போனில் எடுத்தீர்களா, ஒன்றே ஒன்று? எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள், "நீங்கதானே கூடாதுன்னீங்க." மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் பின்வரிசையிலிருந்து திருட்டுத்தனமாக இரண்டு எடுத்திருந்தார். ஃப்ளாஷ்காரர் ஆவலாக வாங்கிப் பார்த்தார். இரண்டிலும் மணமேடையை மறைத்துக்கொண்டு ஒரு அகலமான முதுகு. அவர் முதுகேதான்.

மருமகளுக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொல்லி முடித்தார். அழுகிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா மாமா?"

"இல்லம்மா."

"நீங்களே சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டாள். தேதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மென்பொருளில் மிச்சமிருந்த சின்னப் படங்களை இருக்கிற அளவிலேயே அச்செடுத்தார். தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்றை மட்டும் கையகலத்துக்கு இழுத்துப் பார்த்தார். முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது. அதையும் சேர்த்து ஒரு உறையில் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். கட்டில் ஓரம் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். ஓகே அழுத்தியதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் அவருக்கே யாருடையதோ போல இருந்தது.

தங்கை கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஒன்றை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாள், தள்ளி வைத்தாள், ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"இது யாரு? நம்ம புள்ளையா?"

"ஆமா. அவதான்."

"சிரிக்கிறாளா?"

"சிரிச்சா."

"உனக்குத் தெரியுது, நீ பாத்த. எனக்குத் தெரியலையே அண்ணா."

"நான் சொல்றேன், கேளு. ஒண்ணு விடாம சொல்றேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மணப்பெண் உள்ளே வந்தாள். வலது பக்கம் வெளிச்சம் கம்மி, அதனால் ஃப்ளாஷைக் கூரைப் பக்கம் திருப்பினார். மேடைக்குப் பின்னால் பச்சை விளக்கு, அது கன்னத்தில் அடித்தது, அதை அணைக்கச் சொன்னார்.

"அவ அழுதாளா?" என்று தங்கை குறுக்கே கேட்டாள். "என்னைக் கேட்டாளா? உள்ள வரும்போது என்னைத் தேடுனாளா?"

ஃப்ளாஷ்காரர் அந்தச் சின்னப் படத்தை வாங்கிப் பார்த்தார். அந்த நாள் முழுக்க அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டிருந்தார். கண் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். அந்தக் கண் எதைத் தேடியது என்று பார்க்கவில்லை. சொந்தத்தில் அந்தக் கல்யாணத்தைப் பார்க்காதவர் தங்கை ஒருத்தி இல்லை, இரண்டு பேர் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அவங்க லீவுக்கு வரும்போது மறுபடி அதே மாதிரி உடுத்தி நிக்கச் சொல்லி…"

"நாடகம் பாக்கவா?"

தங்கை கத்தவில்லை, சபிக்கவில்லை. அதற்கெல்லாம் அவர் தயாராக வந்திருந்தார். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உறைக்குள் போட்டு அவரிடமே நீட்டினாள்.

"அந்த ஒரு லட்சத்தைக் குடுத்துடு அண்ணா."

"குடுக்காம எங்க போயிடப் போறேன்? நான் அதுக்கா வந்தேன்…"

"எப்ப குடுப்ப?"

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதில்லை.

பழைய கேமரா வாங்குகிற கடையில் கேமராவையும் லென்ஸுகளையும் விளக்குகளையும் கம்ப்யூட்டரையும் கொண்டுபோய் இறக்கினார். வாங்குகிறவர் கேமராவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லா வச்சிருக்கீங்க. யாருங்க உபயோகிச்சது?"

மற்ற நாளாக இருந்தால் அந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பார். "தெரிஞ்சவரு ஒருத்தரு" என்றார்.

வாங்குகிறவர் ஒரு பேட்டரியைச் செருகினார். திரை மினுக்கித் தேதி கேட்டது. ஆள் வேறு எதையும் தொடாமல், சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்து, வருஷம், மாதம், தேதி என்று பொறுமையாகச் சரிசெய்துவிட்டு அப்புறம்தான் விலை பேசினார். போதாத தொகைக்குக் கடையைக் காலி செய்து முன்பணத்தைத் திருப்பி வாங்கினார் ஃப்ளாஷ்காரர். நீலத் திரையை மட்டும் யாரும் விலைக்குக் கேட்கவில்லை. அதை மடித்து எடுத்துக்கொண்டார்.

பணத்தோடு அவர் போனபோது தங்கை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், நடைச்சட்டம் பக்கத்தில். அவர் உட்காரவில்லை. உட்காரும்படி அவளும் சொல்லவில்லை. பணக்கட்டைப் பிரித்ததும் அவர் கண் தன்னையறியாமல் அவள் கைகளுக்குப் போனது. மூடிக்கொள்வாள் என்று இன்னும் எங்கோ நினைத்துக்கொண்டிருந்தார் போல.

அவள் வலது கையை நீட்டினாள். விரித்த உள்ளங்கை, விரல் நுனிகளில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன புள்ளிகள்.

"எண்ணி வை" என்றாள்.

ஒவ்வொரு நோட்டாக வைத்தார். வாய்விட்டு எண்ணினார். நடுவில் ஒரு தடவை எண்ணிக்கை தவறியது. அவள் விட்ட இடத்தைச் சொன்னாள், அங்கிருந்து மறுபடி தொடங்கினார். பாரம் ஏற ஏற அவள் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டாள். ஆனால் விரல்களை மடக்கவில்லை. கடைசி நோட்டை வைத்து, "சரியா இருக்கு" என்றார்.